உயரமான சிகரமா, கடினமான சிகரமா?

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மலை ரொம்பப் பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி கஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினால் விடியும்போது இமயத்தின் அடிவாரம். முதல் வருஷம் கல்லூரி நண்பர்களோடு கேதார்கண்டா. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் உயரமாக ஒன்று. அதற்கப்புறம் "ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஒண்ணு ஏறப் போறோம்ப்பா" என்று வந்து நிற்பார்கள். உடனே அட்லஸை எடுக்கிறோம். எவரெஸ்ட் 8,849 மீட்டர், இது ஆறாயிரம்தானே, பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி?

உயரம் ஒரு பொருட்டே அல்ல என்று சொல்ல வரவில்லை. காற்றில் பிராணவாயுவின் பங்கு சென்னையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஒன்றேதான். சுமார் 21 சதவீதம். மேலே போகப் போகக் குறைவது காற்றின் அழுத்தம். எவரெஸ்ட் உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே ஒரு முறை மூச்சு இழுத்தால் உள்ளே போகும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். 8,000 மீட்டருக்கு மேலே அந்தப் பழக்கமும் செல்லாது. அங்கே தங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் உடம்பு தேய்கிறது. 'மரண மண்டலம்' என்று பெயர் வந்தது அதனால்தான். 1978-ல் மெஸ்னரும் ஹாபெலரும் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிக் காட்டினார்கள். ஆனாலும் இன்றைக்கும் பெரும்பாலோர் சிலிண்டரோடுதான் போகிறார்கள்.

உயரம் மட்டுமே கடினத்தைத் தீர்மானிக்கும் என்றால் எவரெஸ்டுக்கு அடுத்த இடம்தான் கே-2 சிகரத்துக்கு. அதன் உயரம் 8,611 மீட்டர். வித்தியாசம் 238 மீட்டர். குதுப் மினார் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருவதைவிடச் சற்றே அதிகம். ஆனால் மலை ஏறுகிறவர்களைக் கேட்டால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்.

எவரெஸ்டின் வழக்கமான தெற்கு வழியில் பெரும் ஆபத்து, தொடக்கத்திலேயே வரும் கும்பு பனியருவி. வீடு வீடாகப் பனிப்பாளங்கள் சரிந்துகொண்டே இருக்கும் அந்த இடத்தில் ஏணி போட்டு, கயிறு கட்டி வைப்பவர்கள் ஷெர்பாக்கள். அதைத் தாண்டினால் நீண்ட பள்ளத்தாக்கு, செங்குத்தான பனிச்சுவர், கடைசியில் முகடு. ஒவ்வொரு சீசனிலும் கீழிருந்து உச்சிவரை கயிறு கட்டியாகிவிடும். வருகிறவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். அவருக்கும் கஷ்டம் உண்டுதான். ஆனால் மலையின் கடினத்தில் பெரும்பங்கை அவருக்கு முன்னால் வேறொருவர் சுமந்துவிட்டார். 2014 ஏப்ரலில் அந்தப் பனியருவியில் ஒரே காலையில் 16 நேபாளித் தொழிலாளர்கள் இறந்தார்கள். எவரெஸ்ட் 'சுலபமாகிவிட்டது' என்று பேசுகிறவர்கள் யாருக்குச் சுலபமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கே-2 அடியிலிருந்தே செங்குத்து. நடந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ள எவரெஸ்டில் உள்ளதுபோல் பள்ளத்தாக்கு கிடையாது. பாறையும் பனியும் மாறி மாறி வரும். கல் உருண்டு விழும். சுமார் 8,200 மீட்டரில், களைப்பின் உச்சத்தில், 'பாட்டில்நெக்' என்ற குறுகிய சந்து. அதன் தலைக்கு மேலே கட்டடம் போலத் தொங்கும் பனிப்பாளம். 2008 ஆகஸ்டில் அந்தப் பாளம் உடைந்து கயிறுகளை அறுத்துக்கொண்டு போனது. அந்த ஒரு ஏற்றத்தில் 11 பேர் மாண்டார்கள். எவரெஸ்டைவிட எட்டு டிகிரி வடக்கே இருப்பதால் தட்பவெப்பமும் மோசம். 8,000 மீட்டரைத் தாண்டிய பதினான்கு சிகரங்களில் குளிர்காலத்தில் கடைசியாக வசப்பட்டது இதுதான். 2021 ஜனவரி 16-ம் தேதி பத்து நேபாளிகள் சேர்ந்து ஏறினார்கள்.

அன்னபூர்ணாவின் கதை இன்னும் விசித்திரம். 8,091 மீட்டர், பதினான்கில் பத்தாவது இடம். ஆனால் மனிதன் முதலில் ஏறியது அதைத்தான், 1950-ல். ஏறிய பிரெஞ்சுக்காரர்களில் ஹெர்சாக் கைவிரல்களையும் கால்விரல்களையும் பனிக்கடியில் இழந்தார். லாஷெனால் கால்விரல்களை இழந்தார். முதலில் பணிந்த அந்த மலைதான் நெடுங்காலம் எல்லாவற்றிலும் அதிகம் உயிர் கேட்டது. 2012 வாக்கில் நூறு பேர் உச்சி தொட்டால் முப்பதுக்கு மேற்பட்ட மரணம் என்று கணக்கு நின்றது. வழியில் கைத்திறனுக்குச் சவாலான இடங்கள் அவ்வளவாக இல்லை; பனிச்சரிவு விழும் சரிவுகளின் கீழே நெடுநேரம் நடக்க வேண்டியிருப்பதுதான் காரணம். அங்கே எத்தனை கெட்டிக்காரர் ஆனாலும் ஒன்றுதான்.

இந்த மாதிரி விகிதங்களைப் பத்திரிகையில் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். இது இறந்தவர்களை உச்சி தொட்டவர்களோடு ஒப்பிடும் கணக்கு. பாதியில் திரும்பிப் பிழைத்தவர்கள் இதில் சேர்த்தியில்லை. அதோடு காலமும் மாறுகிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோர் கே-2 உச்சியில் நின்றார்கள். விகிதம் இறங்கிவிட்டது, அதற்காக மலை சாய்ந்து கொடுத்துவிட்டதா என்ன?

இதுவரை பார்த்தது எட்டாயிரங்களை. நம் பிள்ளைகள் போவது ஐயாயிரம், ஆறாயிரம். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். வழக்கமான பாதையில் கயிறே வேண்டாம். மூச்சும் பொறுமையும் இருந்தால் நடந்தே போய்விடலாம். கங்கோத்ரி யாத்திரையில் கோமுகம் வரை நடந்தவர்கள் அந்தப் பனியாற்றுக்கு மேலே சிவலிங்கச் சிகரத்தைக் கண்டு கைகூப்பியிருப்பீர்கள். அது 6,543 மீட்டர். கிளிமஞ்சாரோவைவிட 650 மீட்டர்தான் கூடுதல். ஆனால் கைகூப்பிப் பார்த்த அந்தச் செங்குத்தில் தேர்ந்த ஏறுநர் தவிர மற்றவர்க்கு வேலையில்லை. பக்கத்திலேயே மேரு. அதன் நடுச்சிகரம் 6,310 மீட்டர். 'சுறாத் துடுப்பு' என்று பெயர் பெற்ற அதன் கருங்கல் சுவரில் 2008-ல் ஆங்கர், சின், ஓஸ்டர்க் என்ற மூவர் உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே திரும்ப வேண்டியதாயிற்று. அவர்களில் இருவர் அதற்கு முன்பே எவரெஸ்ட் ஏறியவர்கள்! 2011-ல் திரும்பி வந்துதான் முடித்தார்கள்.

கைத்திறன் அவ்வளவு தேவைப்படாத, உயரமும் குறைந்த மலையாவது பத்திரமா என்றால் அதுவும் உறுதியில்லை. உத்தரகாசிப் பக்கம் 'திரௌபதி கா டாண்டா' என்ற சிகரம் 5,670 மீட்டர். பயிற்சி மாணவர்களை வழக்கமாக அழைத்துப்போகிற மலை. 2022 அக்டோபர் 4-ம் தேதி அங்கே விழுந்த பனிச்சரிவு 29 பேரைக் கொண்டுபோய்விட்டது. பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள்.

ஆகவே பிள்ளை வந்து கேட்கும்போது "எவ்வளவு உயரம்?" என்பதோடு நிறுத்தாமல் இன்னும் நாலு விஷயம் கேளுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், அந்த வழியில் கயிறு கட்டும் இடம் உண்டா? எந்த மாதம், போவதற்கு முந்தைய வாரம் புதுப்பனி விழுந்ததா? 3,000 மீட்டருக்கு மேலே தினமும் எவ்வளவு ஏறித் தூங்குவதாகத் திட்டம்? ஐந்நூறு மீட்டருக்கு மேல் என்று பதில் வந்தால் அந்தத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். இரண்டே நாள் லீவு என்பதற்காக உடம்பு சீக்கிரம் பழகிக்கொள்ளாது. தலைவலியோடு தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். "திரும்பிடலாம்" என்று சொல்ல அந்தக் குழுவில் யாருக்கு அதிகாரம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஆசை உண்மையானது என்றால் டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் முறையான பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். பனிக்கோடரியை ஊன்றிச் சறுக்கலை நிறுத்துவது, பனிப்பிளவில் விழுந்தவரைக் கயிறு போட்டு மீட்பது எல்லாம் அங்கே கையைப் பிடித்துச் சொல்லித் தருவார்கள். அதில் 'ஏ' தரம் வாங்கியவருக்குத்தான் அடுத்த நிலைப் பயிற்சியில் இடம்.