உங்களுக்குத் தெரியுமா? ஒரு மீட்டருக்கு நாற்பது மீட்டர்

கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். கணக்கு திரும்பியும் வேலை செய்யும்: மோட்டார் வைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், நாளடைவில் உப்பு 40 மீட்டர் மேலேறலாம். காவிரிக் கடைமடையில், கடலை ஒட்டிய கீழவாஞ்சூருக்கு இதைவிட முக்கியமான கணக்கு இல்லை.

டெல்டாவில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆறு வறண்ட கோடையில் நிலத்தடி நீர்தான் கதி. போரை இன்னும் ஆழமாக இறக்கலாமே என்பார்கள். களிமண் அடுக்குக்குக் கீழே நன்னீர் கிடைக்கும் இடங்கள் உண்டு, உண்மைதான். அந்த அடுக்கு இல்லாத மணலிலோ ஆழம் கூடக்கூட உப்பைத்தான் நெருங்குகிறோம். லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு கொண்ட கடல்நீர் நூற்றில் 2 பங்கு கலந்தாலே 380 மில்லிகிராம் ஆகிவிடும். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் விரும்பும் அளவு 250. சுனாமி 2004இல் வயலில் விட்டுச்சென்ற உப்பு மேலே கிடந்தது, மழை கழுவியது. அடியிலிருந்து ஏறும் உப்பைத் தள்ள, குளமும் வாய்க்காலும் ஐப்பசி மழையைத் தேக்கி, பல பருவங்கள் மணலுக்குள் இறக்க வேண்டும்.