வெயில்ல வேகுற ஊர்ல கேஸை ஏன் சூடு பண்ணணும்?

பண்ருட்டியிலேர்ந்து வடலூர் போற ரோட்டுல காடாம்புலியூர் இருக்கு இல்லையா, அங்கேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: "மே மாசம் முந்திரிக்காட்டு மணல்ல கால் வைக்க முடியல. இங்க குழாய்ல வர்ற இயற்கை எரிவாயுவை எதுக்குங்க ஹீட்டர் வெச்சு சூடு பண்ணணும்?"

நியாயமான கேள்வி. ஆனா விஷயம் வெளியில அடிக்கிற வெயில்ல இல்ல, உள்ளே இறங்குற அழுத்தத்துல இருக்கு. நெடுந்தூரக் குழாயில் கேஸ் 70, 80 பார் அழுத்தத்தில்கூட ஓடும். வீட்டு அடுப்புக்கு வரும்போது வெறும் 21 மில்லிபார். நடுவுல பல படியா இறக்குவாங்க. முதல் பெரிய படியில, ரெகுலேட்டரோட குறுகலான வழியா பிதுங்கி வெளியே வந்து விரியும்போது கேஸ் தானாவே குளிர்ந்துடும். மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கும். விலகிப் போக ஆற்றல் வேணும், அதைத் தன்னோட சூட்டுலேர்ந்தே எடுத்துக்கும். ஜூல்-தாம்சன் விளைவுன்னு காலேஜ்ல படிச்சிருப்பீங்க.

கணக்கு சிம்பிள். ஒரு பார் இறங்கினா தோராயமா அரை டிகிரி குறையும். 75 பார்லேர்ந்து 25-க்கு இறக்கினா 25 டிகிரி காலி. மண்ணுக்குள்ள 30 டிகிரியில வந்த கேஸ் கண் இமைக்கிறதுக்குள்ள 5 டிகிரி. வெளியில 40 டிகிரி வெயில் அடிச்சாலும், அது உள்ளே போய்ச் சேர நேரமே கிடையாது.

டீக்கடை சிலிண்டர்ல பனி பூக்குதே, அதானே இதுன்னு கேட்காதீங்க. அங்க திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுக்குது. அது வேற கதை.

5 டிகிரில தண்ணியே உறையாதே, அப்புறம் என்ன பயம்? இங்கதான் ட்விஸ்ட். அழுத்தத்துல மீத்தேனும் தண்ணியும் சேர்ந்தா பூஜ்ஜியத்துக்கு மேலயே ஐஸ் மாதிரி ஒரு திடப்பொருள் உருவாகும். ஹைட்ரேட்னு பேரு. குளிர்காலத்துல குழாய்களை அடைக்கிறது வெறும் ஐஸ் இல்ல, இதுதான்னு 1934-ல ஹேமர்ஷ்மிட் எழுதினார். இது ரெகுலேட்டர்ல பிடிச்சா ரெண்டு ஆபத்து. வழி அடைஞ்சா ஊருக்கு சப்ளை நிக்கும். வால்வு திறந்தபடி சிக்கினா, தாங்க முடியாத அழுத்தம் அடுத்த குழாய்க்குப் போகும். அதைத் தடுக்கத்தான் பக்கத்துலயே தானா மூடிக்கிற இன்னொரு வால்வு வைக்கிறாங்க.

ரெகுலேட்டருக்கு முன்னாடியே ஹீட்டர் வைக்கிறதுக்கும் காரணம் இதான். குளிர் பிறக்குற இடமே ரெகுலேட்டர். அதைத் தாண்டி சூடு பண்ணி என்ன பிரயோஜனம்? பெரும்பாலும் சுடுதண்ணித் தொட்டிக்குள்ள கேஸ் குழாயை ஓட விடுவாங்க. தீ நேரா குழாயைத் தொடாது. செலவும் பெருசா இல்ல: ஒரு கிலோ கேஸை 20 டிகிரி ஏத்த சுமார் 50 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை எரிச்சா கிடைக்கிறது சுமார் 50,000. ஹீட்டர்ல வீணாகுறது தனி.

அதுக்காக எல்லா நிலையத்துலயும் ஹீட்டர் வேணும்னு நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவுல குளிர்கால மண்ணே 5 டிகிரி, அங்க தப்பிக்க வழியில்ல. நம்ம மண்ணு பாதி வேலையை இலவசமா செஞ்சிடுது. இன்னொன்னு, தண்ணி இல்லாம ஹைட்ரேட் இல்ல. எண்ணூர் முனையத்துக்குக் கப்பல்ல வர்ற கேஸ் மைனஸ் 162 டிகிரியில திரவமா இருந்தது. அதுக்கு முன்னாடியே தண்ணியை எடுத்திருப்பாங்க. குத்தாலம், நரிமணம் பக்கத்துக் காவிரிப் படுகைக் கிணறுகள்ல வர்றது அப்படி இல்ல, பூமிக்கடியிலேர்ந்து ஈரத்தோட ஏறும். உலர்த்துற வரைக்கும் அதை நம்ப முடியாது.

ஒரு குட்டித் தகவல். ஹைட்ரஜனை இதே மாதிரி இறக்கினா குளிராது, லேசா சூடாகும். நாளைக்குக் குழாய்ல அதைக் கலந்தா இந்தக் கணக்கெல்லாம் திரும்பப் போடணும். அதை இன்னொரு எபிசோட்ல பார்ப்போம்.