குளிர்தேச வீடு – 9: எத்தனையாவது நொடியில் நிற்கிறது?

ஃபர்னஸ் அடிக்கடி நின்றுபோகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நிற்பதற்கு முன் எவ்வளவு நேரம் எரிந்தது? ஐந்து நொடியா, ஐந்து நிமிடமா, அரைமணி நேரமா? பலருக்குப் பதில் தெரிவதில்லை. வீடு சில்லிட்ட பிறகுதான் அது நின்றதே தெரியவருகிறது. ஆனால் கோளாறு எங்கே என்பதை அந்த நேரக்கணக்குதான் காட்டிக்கொடுக்கும். ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போங்கள். ஃபர்னஸின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேளுங்கள். மீட்டர், ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். கைப்பேசியில் இருக்கிற கடிகாரம் போதும்.

போன வாரம் சுவருக்கும் பரணுக்கும் போடுகிற காப்புப் பஞ்சைப் பார்த்தோம். அந்தப் பஞ்சு காப்பாற்றவேண்டிய சூட்டை உண்டாக்குகிற இயந்திரம் இந்த வாரம். ஒன்டாரியோவில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இயற்கை எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்புகிற ஃபர்னஸ்தான்.

அது பற்றிக்கொள்வதில் ஒரு வரிசை இருக்கிறது. தெர்மோஸ்டாட்டிலிருந்து சூடு வேண்டும் என்று 24 வோல்ட் சமிக்ஞை வந்ததும் நெருப்பு வந்துவிடாது. முதலில் புகைக்குழாயை ஒட்டியுள்ள சின்ன விசிறி சுழலும். இண்ட்யூசர் என்பார்கள். உள்ளே தங்கியிருக்கக்கூடிய வாயுவையும் புகையையும் அது வெளியே தள்ளுகிறது. அதன் இழுவிசை போதுமான அளவு இருக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கும். இருந்தால் இக்னைட்டர் செக்கச்செவேலென்று காயும். அப்புறம் ‘டக்’ என்று வால்வு திறக்கும் ஓசை. பர்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும். கடைசி பர்னரின் முன்னால் நிற்கும் ஒரு கம்பி, தீ இருக்கிறது என்று கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்லவேண்டும். அரை நிமிடம்போலக் கழித்துப் பெரிய விசிறி ஓடத் தொடங்கி, அறைகளில் வெதுவெதுப்பான காற்று வரும். மாடலுக்கு மாடல் நொடிகள் கொஞ்சம் மாறும்; வரிசை மாறாது.

இந்த ஒவ்வொரு படியிலும் ஒரு காவல் இருக்கிறது. ஏதாவது ஒரு காவலுக்குச் சந்தேகம் வந்தால் வாயு உடனே மூடப்படும். ஆகவே தானாக அணைகிற ஃபர்னஸைப் பார்த்ததும் எப்படி அணையாமல் ஓடவைப்பது என்று யோசிக்கக்கூடாது. எந்தக் காவல் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று தேடவேண்டும். இந்த வாரம் முழுக்க நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

“தம்பி, பத்துது, பத்தின உடன நூந்து போகுது. திரும்பவும் பத்துது, திரும்பவும் நூருது. மூண்டு தரம் பாத்திட்டுச் சும்மா நிக்குது” என்று ஸ்கார்பரோவிலிருந்து ஒரு அக்கா போனில் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு டெக்னீஷியனாலும் சொல்லமுடியாது. சில நொடிகளில் அணைவது, மறுபடி முயல்வது, மூன்று நான்கு முயற்சிக்குப் பின் ஒரு மணி நேரம்போலப் பூட்டிக்கொள்வது: முதலில் சந்தேகப்படவேண்டியது அந்தக் கடைசிக் கம்பியைத்தான். அதன் பெயர் ஃப்ளேம் சென்சார்.

அது வேலைசெய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தீயில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் இருக்கின்றன. அதனால் தீ மின்சாரத்தைக் கடத்தும். போர்டு அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. ஒரு பக்கம் மெல்லிய கம்பி, மறுபக்கம் தரையிணைப்புள்ள அகன்ற பர்னர். இரண்டின் பரப்பும் வேறுபடுவதால் மின்சாரம் ஒரு திசையில் அதிகமாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் பாய்ந்து, மொத்தத்தில் ஒருதிசை மின்சாரமாகிவிடுகிறது. தீயைத் தவிர வேறு எதுவும் இப்படிச் செய்யாது. கம்பி தவறிப்போய் உலோகத்தைத் தொட்டாலும் போர்டு ஏமாறாது. அளவோ சில மைக்ரோஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு. இவ்வளவு நுண்ணிய மின்சாரத்தை நம்பித்தான் வீட்டுக்குள் வாயு திறந்திருக்கிறது.

நுண்ணியது என்பதால் எளிதில் கெடவும் செய்கிறது. கம்பியின்மேல் நாளடைவில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிலிக்காப் படலம் படியும். தீ நன்றாக எரியும், ஆனால் போர்டுக்குத் தெரியாது, உடனே மூடிவிடும். பேஸ்மென்ட் காற்றையே இழுத்து எரிக்கும் பழைய ஃபர்னஸ்களில் இந்தத் தொல்லை அதிகம். பக்கத்திலேயே துணி துவைக்கும் இயந்திரம், சோப்புத்தூள், ப்ளீச் எல்லாம் இருக்கும். ப்ளீச்சின் குளோரின் ஆவி தீக்குள் போனால் அமிலமாகி உலோகத்தையே அரிக்கும். ஃபர்னஸ் அறையை மருந்து மாத்திரையிலிருந்து பெயின்ட் டப்பாவரை வைக்கிற களஞ்சியமாக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். கம்பியைக் கழற்றி மெல்லிய இரும்புப் பஞ்சால் துடைத்து மாட்டுவது டெக்னீஷியனுக்குச் சில நிமிட வேலை. துடைத்தும் தீரவில்லை என்றால் பர்னரின் தரையிணைப்பு, துரு, போர்டு என்று அவர் அடுத்தடுத்துப் போவார்.

நெருப்பே வராமல், சின்ன விசிறி மட்டும் சுழன்று சுழன்று நிற்கிறதா? அப்போது பிரஷர் சுவிட்ச் சம்மதிக்கவில்லை. சுவிட்சை மாற்றிவிடலாம் என்று பலரும் அவசரப்படுவார்கள். பெரும்பாலும் சுவிட்ச் உண்மையைத்தான் சொல்கிறது: புகை வெளியேற வழியில்லை.

இதைப் புரிந்துகொள்ள இன்றைய ஃபர்னஸின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். கனடாவில் 2019 ஜூலை முதல் தயாரிக்கப்படும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் எரிபொருளின் சூட்டில் குறைந்தது 95 சதவீதத்தை வீட்டுக்குத் தரவேண்டும். அவ்வளவையும் பிழிந்தெடுப்பதால் வெளியேறும் புகையில் சூடு மிச்சமிருப்பதில்லை. செங்கல் புகைபோக்கி வேண்டாம், பிளாஸ்டிக் குழாயே போதும். எரிவாயு எரிந்தால் நீராவியும் உண்டாகும். குளிர்ந்த புகையில் அந்த நீராவி தண்ணீராகிவிடுகிறது. கடும் குளிர்நாளில் ஒரு ஃபர்னஸ் லிட்டர் கணக்கில் தண்ணீர் வடிக்கும், அதுவும் லேசான அமிலத்தன்மையோடு. அந்தத் தண்ணீர் போகிற மெல்லிய குழாயில் பாசி அடைத்தாலோ, குழாய் வளைந்து தொங்கினாலோ, வெளிச்சுவர் ஓரம் உறைந்தாலோ, தண்ணீர் பின்னோக்கி ஏறி இண்ட்யூசரின் வழியை மறிக்கும். தொடக்கத்தில் நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்து நிற்கிற ஃபர்னஸில் முதலில் இந்த வடிகுழாயைப் பாருங்கள். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறுவதற்குத்தான் அந்த இருபது நிமிடம்.

பனிப்புயலுக்கு மறுநாள் மட்டும் நிற்கிறது என்றால் உள்ளே தேடவேண்டாம். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், வீட்டின் பக்கச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களைப் பாருங்கள். பனிக்குவியல் மூடியிருக்கும், அல்லது வாயில் பனிக்கட்டி வளையம் கட்டியிருக்கும். கோடையில் என்றால் குருவிக்கூடு, குளவிக்கூடு. கையால் பனியை ஒதுக்கினாலே போதும். மண்வெட்டியால் இடித்துக் குழாயை உடைத்துவிடாதீர்கள்.

பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர்கள் அவர்களையும் எதிர்பார்த்திருக்கிறார்கள். இண்ட்யூசர் சுழலத் தொடங்கும் முன்பே அந்த இணைப்பு மூடியிருந்தால் போர்டு தொடங்கவே மறுக்கும். மறுக்காத பழைய போர்டு என்றால் நிலைமை இன்னும் மோசம்: புகை வீட்டுக்குள் வரும்.

இனி நிமிடக் கணக்கு. பற்றுகிறது, பெரிய விசிறியும் ஓடுகிறது, சில நிமிடத்தில் தீ மட்டும் அணைகிறது, விசிறி குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டே இருக்கிறது, பிறகு மறுபடி பற்றுகிறது. இது லிமிட் சுவிட்சின் கைவரிசை. உள்ளே அளவுக்குமேல் சூடேறிவிட்டது. சூட்டை எடுத்துப்போகப் போதுமான காற்று வரவில்லை. காரணம், பத்துக்கு எட்டு வீட்டில் என்று சொல்லத் தோன்றுகிறது, ஃபில்டர்தான். ஒரு அங்குலம் தடிமனுள்ள சாதாரண ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்து விளக்கொளியில் பார்க்கவேண்டும். ஒளி வரவில்லை என்றால் மாற்றிவிடவேண்டும். அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்கட்டும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு பலரும் மெர்வ் 13 போன்ற நெருக்கமான ஃபில்டரை வாங்கிப்போடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதே ஒரு அங்குலத் தடிமனில் போட்டால், மூக்கில் கம்பளியைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஃபர்னஸ் திணறும். அந்த அளவு வடிகட்டல் வேண்டுமென்றால் நான்கு அங்குல ஃபில்டருக்கான பெட்டியைப் பொருத்துவதுதான் முறை.

ஃபில்டருக்கு அடுத்தது மூடிவைத்த வென்ட்கள். யாரும் தங்காத அறை, எதற்குச் சூடு என்று மூடிவிடுகிறோம். சோபாவும் கம்பளமும் இன்னும் நாலைந்தை மூடுகின்றன. காசு மிச்சமாவதில்லை, காற்றோட்டம்தான் குறைகிறது. எவ்வளவு குறையலாம் என்பது ஃபர்னஸ் கதவின் உட்புறத் தகட்டிலேயே இருக்கிறது. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இருக்கவேண்டிய வெப்ப வித்தியாசம், 40 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதுபோல, அதில் அச்சிட்டிருக்கும். நல்ல டெக்னீஷியன் வந்தவுடன் இரண்டு தெர்மாமீட்டர்களைக் குழாயில் செருகி இதை அளப்பார். அளக்காமல் பேசுகிறவரை நான் நம்புவதில்லை.

இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்நாட்டுக்கு வந்த புதிதில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்காத குடும்பங்கள் குறைவு. ஃபர்னஸ் இருப்பது கீழே, தெர்மோஸ்டாட் இருப்பது மேலே. மேலே சமையல் சூட்டில் தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிடும். கீழே குழந்தை இரண்டு ஸ்வெட்டரோடு படிக்கும். இது ஃபர்னஸ் கோளாறே இல்லை. ஒன்டாரியோ விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். பேஸ்மென்டும் அதில் சேர்ந்ததுதான். வீட்டுக்காரர் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பதால் பலர் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்கவேண்டாம்.

எந்தக் கோளாறும் இல்லாமல் அடிக்கடி நிற்கிற ஃபர்னஸும் உண்டு. வீட்டுக்குத் தேவைக்குமேல் பெரியதைப் பொருத்தியிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் இருக்கும் இடம் சூடாகி, தூரத்து அறை சூடாகும் முன் நின்றுவிடும். இதற்குப் பாகம் மாற்றி மருந்தில்லை. அடுத்த ஃபர்னஸ் வாங்கும்போது, வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடும் சி.எஸ்.ஏ. எஃப்280 முறைப்படி அளவு பார்த்தீர்களா என்று கேளுங்கள். பழைய பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவைப் பரிந்துரைக்கிறவர்கள்தான் அதிகம்.

விற்பனையைப் பற்றியும் சொல்லவேண்டும். கம்பியைத் துடைத்தால் தீரக்கூடிய கோளாறுக்கு மொத்த ஃபர்னஸையும் மாற்றச்சொல்லி, மாத வாடகை ஒப்பந்தத்தில் வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கிப்போன கதைகள் நம் சமூகத்தில் நிறைய. அழைக்காமல் வீடு தேடிவந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவதை ஒன்டாரியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. கதவைத் தட்டுகிறவர் எந்த அட்டையைக் காட்டினாலும் உள்ளே விடவேண்டியதில்லை. நீங்களாக அழைக்கும் டெக்னீஷியனிடம் மாகாணப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ. வழங்கும் ஜி2 அல்லது ஜி1 சான்றிதழ் இருக்கவேண்டும். அவர் வரும்முன் கன்ட்ரோல் போர்டில் கண்சிமிட்டும் சின்ன விளக்கைக் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். சிறு கண்ணாடித் துளை வழியே அது தெரியும். எத்தனை முறை சிமிட்டினால் என்ன பொருள் என்ற அட்டவணை கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பல மாடல்களில் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். ஆகவே முதலில் படம், பிறகு சுவிட்ச்.

ஒரு காவலை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. பர்னர்களை ஒட்டி, நடுவில் சிறு பொத்தான் வைத்த ரோல்அவுட் சுவிட்ச் இருக்கும். தீ தன் பெட்டியைவிட்டு வெளியே நாக்கு நீட்டினால்தான் அது விழும். அமுக்கினால் ஃபர்னஸ் மறுபடி ஓடும். தீ ஏன் வெளியே வந்தது என்பது மட்டும் அப்படியே இருக்கும். வெப்பப் பரிமாற்றி அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். மாதக்கணக்கில் அடைத்த ஃபில்டரோடு லிமிட் சுவிட்ச் விழுந்து விழுந்து எழுகிற வீட்டில், அந்த உலோகம் சூடேறிச் சூடேறி விரிசல் விடுவதுண்டு. அங்கிருந்து வரக்கூடியது கார்பன் மோனாக்ஸைடு: நிறமில்லை, மணமில்லை.

2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் மாகாணக் காவல்துறை அதிகாரி லாரி ஹாக்கின்ஸ், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இந்த வாயுவால் இறந்தது. அவர்கள் வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. அவர்கள் நினைவாக 2013இல் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறியது; உறங்கும் இடத்துக்கு அருகில் கார்பன் மோனாக்ஸைடு கருவி இருப்பது 2014 முதல் கட்டாயமானது. அந்தக் கருவிக்கும் ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்ட காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். ஃபர்னஸ் நின்ற இரவில் சமையல் அடுப்பையோ பார்பெக்யூவையோ வீட்டுக்குள் பற்றவைத்துக் குளிர்காயாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரேநேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுக்கப் போகாதீர்கள். கருவி அலறினால் ஃபர்னஸைப் பார்க்கக் கீழே இறங்கவேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, ஆட்களை எண்ணிப்பார்த்து, 911ஐ அழையுங்கள். தீயணைப்புப் படையினர் அளந்து சொல்லும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது, கோட் எடுக்கக்கூட.

(அடுத்த வாரம்: ஜன்னல் கண்ணாடியில் ஏன் தண்ணீர் வழிகிறது?)