தழும்பின் மேல் பச்சை குத்தலாமா?

"தம்பி, இதுக்கு மேல குத்தலாமோ?"

என்னிடம் வருபவர்களில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். சட்டைக் கையை மடித்து, செல் துண்டு கிழித்த இடத்தையோ எரிகாயத்தையோ காட்டுவார்கள். காட்டும்போதே குரல் தாழ்ந்துவிடும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் எங்கள் உடம்புகளைத் தழும்புக்காகத் தேடினார்கள். மரத்தால் விழுந்த காயத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் கொதிக்கிற வெயிலில் நீளக்கை உடுப்புப் போடுகிறவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய அறையில் பச்சை குத்துகிறேன். 2009இல் புதுமாத்தளனில் விழுந்த செல்லின் துண்டு என் வலது முன்கையைக் கிழித்தது. அப்போது எனக்கு 15 வயது. செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றினார்கள், கை தப்பியது. ஆனால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் போகும் நரம்பு தப்பவில்லை. இன்றும் அந்தக் கையால் பேனை பிடிக்க முடியாது. முகாமில் இடக்கையால் எழுதப் பழகினேன். பின்னர் அதே கையால் தோடம்பழத் தோலிலும் வாழைப்பழத் தோலிலும் ஊசி ஓட்டிப் பழகினேன்.

பச்சை குத்துவது ஒரு கை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கை மெசினைப் பிடிக்கும், மற்றக் கை தோலை இழுத்துப் பிடிக்கும். தோல் தொய்ந்தால் கோடு நடுங்கும். என் வலக்கை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாது, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி இழுக்கக் கற்றுக்கொண்டேன். பழைய கொயில் மெசின் பாரம், அதிர்வும் கூட. பேனை போன்ற இலேசான மெசினுக்கு மாறிய பிறகுதான் தோள்வலி குறைந்தது. ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்வதில்லை.

பிரான்சின் லியோன் நகரில் ஜே.சி. ஷைத்தான் தெனே என்ற கலைஞர் இருக்கிறார். சிறுவயதில் வலது முன்கையை இழந்தவர், இடக்கையால் இந்தத் தொழிலைக் கற்றவர். 2016இல் கொன்ஸால் என்ற கலைஞர் அவருக்காக டாட்டூ மெசின் பொருத்திய செயற்கைக் கையொன்றைச் செய்துகொடுத்தார். உலகம் அந்த இரும்புக் கையைத்தான் பார்த்து வியந்தது. எனக்கு அவருடைய இடக்கைதான் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கருவி வருவதற்கு முன்பே அவர் தொழில் செய்துகொண்டிருந்தார்.

இனி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். தழும்பின் மேல் குத்தலாம். ஆனால், எல்லாத் தழும்பிலும் அல்ல, எல்லா நேரத்திலும் அல்ல.

ஊசி மேற்தோலைத் தாண்டி, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் உட்தோலில் மையை வைக்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. நோயெதிர்ப்புக் கலங்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. அவை இறக்கும்போது வெளியேறும் மையைப் புதிய கலங்கள் திரும்ப விழுங்குவதை 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். பச்சை ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்பது இப்படித்தான்.

தழும்பில் அந்த ஒழுங்கு குலைந்திருக்கும். அங்கே நார்கள் நெருக்கமாக, ஒரே திசையில் இறுகிக் கிடக்கும். ஓரிடத்தில் மை பிடிக்காது, பக்கத்திலேயே ஊறிப் பரவிவிடும். சில இடங்கள் மரத்துப்போயிருக்கும், சில இடங்களில் தொட்டாலே உயிர் போகும். அதனால், காயம் ஆறி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். தழும்பு சிவப்பு மறைந்து, தட்டையாகி, அரிப்பில்லாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது கெலோயிட். காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் தடித்த தழும்பு அது. எங்களைப்போன்ற கறுத்த தோலில் அதிகம் வரும். குத்துகிற ஊசியே புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடலாம். ஆகவே, வருகிறவரின் இடது மேற்கையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பையும், காது குத்திய இடத்தையும் முதலில் பார்ப்பேன். அவை தடித்து வளர்ந்திருந்தால் குத்துவதில்லை. உள்ளே செல் துண்டு இருக்கிறது, அது வலிக்கிறது, நகர்கிறது என்றால் முதலில் வைத்தியரிடம் போகச் சொல்வேன். நீரிழிவு இருந்தாலும் அப்படித்தான். சிவப்பு மையே அதிகம் ஒவ்வாமை தருவது என்பதால் கறுப்பையே பரிந்துரைக்கிறேன். யாரிடம் போனாலும், ஊசி உறையை உங்கள் கண்முன்னே கிழிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பாவித்த ஊசியும் மையும் இன்னொருவருக்கு ஈரல் அழற்சியையும் எச்.ஐ.வி.யையும் கடத்தலாம்.

எதைக் குத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். கார்த்திகைப்பூ கேட்டு வந்தவர்களும் உண்டு. அதை யார் எப்படி வாசிப்பார்கள் என்பதைச் சொல்லி, யோசித்துவிட்டு வாருங்கள் என்பேன். கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணை 2014இல் நாடுகடத்திய நாடு இது. அவருடைய உரிமை மீறப்பட்டதென்று உயர்நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று.

போன வருடம் முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா வந்தார். முழங்கைக்குக் கீழே நீளமான தழும்பு. எங்கட வீட்டு வேலிப் பூவரசு வேணும் என்றார். வெட்டி நட்ட கதியால் திரும்பத் துளிர்க்கும் மரம் அது. தழும்பின் வழியே கோடு இழுத்தால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால், இலைகளைக் குறுக்கே விட்டேன், மேடான இடங்களில் நரம்புகள் வருமாறு பார்த்துக்கொண்டேன். ஒரே நாளில் முடியவில்லை, ஆற விட்டு மூன்று தடவை குத்தினோம்.

தழும்பு போகவில்லை. தடவினால் கைக்குத் தெரியும். ஆனால், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "இது என்ன இலை?" என்று கேட்டதாக ஒருநாள் போன் எடுத்துச் சொன்னார். அதற்கு முன் அவரிடம் எல்லோரும் கேட்டது வேறு கேள்வி.

என் வலக்கைத் தழும்பில் நான் எதையும் வரையவில்லை. நரம்பு இன்னும் வலிக்கிறது என்பது ஒரு காரணம். கதிரையில் வந்து இருப்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பது மற்றக் காரணம். பார்த்த பிறகு, தங்கள் சட்டைக் கையை மடிக்க அவர்கள் அதிகம் யோசிப்பதில்லை.