கார்ட்டூன் ஆடுறதுக்கு முன்னாடியே பாட்டு ரெடி

ராஜா அண்ணாமலைபுரத்துல இருந்து பேசுறேன். குடும்பத்தோட பார்க்குற கார்ட்டூன் படம், அதுல ஒரு நல்ல பாட்டு. எது ஞாபகத்துக்கு வருதுன்னு கேட்டா, இன்னைக்குப் பசங்க ‘ஃப்ரோசன்’னுவாங்க, ‘லயன் கிங்’னுவாங்க. நாப்பதைத் தாண்டினவங்களைக் கேளுங்க. ‘ராஜா சின்ன ரோஜா’ன்னு பதில் வரும்.

1989. ஏவிஎம் படம். எஸ்.பி.முத்துராமன் இயக்கம், சந்திரபோஸ் இசை, பாட்டு வைரமுத்து. அதுல ஒரு பாட்டு: காட்டுக்குள்ள ரஜினி, கௌதமி, கூடவே ஒரு குழந்தைப் பட்டாளம். அவங்களைச் சுத்தி ஆடுற மிருகங்க மட்டும் கையால வரைஞ்சது. அனிமேஷனைச் செஞ்சவர் ராம் மோகன். பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனோட கார்ட்டூன் பிரிவுல தொழில் கத்துக்கிட்டவர். ஜப்பான்காரங்களோட சேர்ந்து எடுத்த ராமாயண அனிமேஷன் படத்தோட இயக்குநர்கள்ல ஒருத்தரும் இவர்தான்.

இதுல இசைக்கு என்ன வேலைன்னு பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

(திரையில்: ஃபிலிம் சுருள், ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்)

ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 120 தட்டு போற வேகம்னு வெச்சுக்குவோம். அப்போ ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம். கரடி ஒரு அடி எடுத்து வெச்சா, அதோட கால் சரியா அந்தப் பன்னிரண்டாவது ஃப்ரேம்ல தரையைத் தொடணும். ரெண்டு மூணு ஃப்ரேம் தள்ளிப் போனாலே ஏதோ இடிக்குதேன்னு நம்ம காது சொல்லிடும். அதனால பாட்டு முதல்ல பதிவாகணும். அதை ஃப்ரேம் ஃப்ரேமா எண்ணி, தாள்ல குறிச்சுக்கிட்ட பிறகுதான் பென்சிலையே எடுப்பாங்க. அப்புறமா டெம்போவை மாத்துறேன்னு சொன்னா, வரைஞ்ச அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.

இந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்க டிஸ்னி ரொம்பவே கஷ்டப்பட்டாங்க. 1928-ல ‘ஸ்டீம்போட் வில்லி’ எடுத்தப்போ மெட்ரோனோமை வெச்சுத் தாளம் கணக்குப் பண்ணாங்க. இசைக்குழுவை நடத்துறவர் வேகம் தப்பாம இருக்க, ஃபிலிம்லயே குதிக்கிற பந்து ஒண்ணைப் போட்டுக் காட்டினாங்க. நம்ம சினிமாவோ பல காலமா பாட்டை முன்னாடியே பதிவு பண்ணிட்டு, அதை ஸ்பீக்கர்ல ஓடவிட்டு ஆடுற சினிமா. அனிமேஷனுக்குத் தேவையான பாதிப் பழக்கம் கோடம்பாக்கத்துக்கிட்ட ஏற்கெனவே இருந்துச்சு. இதை நாம போதுமான அளவு பெருமையா நினைக்கலைன்னு எனக்கு ஆதங்கம் உண்டு.

இன்னொரு விஷயம். வரைஞ்ச உருவத்துக்கு எடை கிடையாது. ரஜினி குதிச்சா அவர் உடம்பே நமக்குக் கனத்தைக் காட்டிடும். பக்கத்துல குதிக்கிற மிருகத்துக்கு அந்தக் கனத்தை டிரம் தரணும், பேஸ் தரணும். அந்தப் பாட்டை ஒரு தடவை சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. மிருகங்க மிதக்கிற மாதிரி இருக்கும். சத்தத்தை வெச்சதும் தரைக்கு வந்துடும். இன்னும் முக்கியமானது, அது கதை சொல்ற பாட்டு. பாட்டிங்க சொல்ற ‘வந்தாராம், போனாராம்’ பாணியில நகரும். பாட்டை எடுத்துட்டா அந்தக் கதையும் போயிடும். மியூசிக்கல்னா அதுதான். பாட்டு இருக்குற படமெல்லாம் மியூசிக்கல் ஆகிடாது.

முழுநீளப் படமா நாம முயற்சி பண்ணாம இல்லை. 2007-ல வந்த ‘இனிமே நாங்கதான்’ படத்துக்கு இளையராஜா இசை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருதும் கிடைச்சது. ஆனா இன்னைக்கு அந்தப் படத்தைப் பத்தி யாரும் பேசிக் கேட்கிறதில்லை.

2014-ல ‘கோச்சடையான்’. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, மோஷன் கேப்சர். ‘மெதுவாகத்தான்’ பாட்டை எஸ்.பி.பி.யும் சாதனா சர்கமும் பாடியிருப்பாங்க. கண்ணை மூடிட்டுக் கேட்டா, எஸ்.பி.பி. குரல்ல ரஜினி சிரிக்கிறது தெரியும். கண்ணைத் திறந்தா திரையில அந்தச் சிரிப்பு இல்லை. உடம்போட அசைவை சென்சார் பிடிச்சுடுச்சு, கண்ணுல இருக்குற உயிரைப் பிடிக்கலை. பாட்டெல்லாம் அருமை. ஆனா காதலுக்கும் போருக்கும் எழுதின பெரிய மெட்டுங்க. ஆறு வயசுக் குழந்தை ஸ்கூலுக்கு நடந்துக்கிட்டே பாட, ஒரு ஸ்தாயிக்குள்ள அடங்குற மெட்டும், திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரியும் வேணும்.

அந்த வித்தை தெரிஞ்சவங்க நம்ம சென்னையிலேயே இருக்காங்க. குழந்தைப் பாட்டுங்க போடுற யூடியூப் சேனல் ‘சூச்சூ டிவி’ 2013-ல இங்கதான் ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் வினோத் சந்தர். அவர் யார் மகன் தெரியுமா? அதே சந்திரபோஸோட மகன். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல். ஜாக்கும் ஜில்லும் விழுந்ததோட முடியுற பாட்டை, எறும்பையும் பறவையையும் பார்த்துக் கத்துக்கிட்டு மறுபடி முயற்சி பண்ற மாதிரி நீட்டினவங்க இவங்க. இன்னைக்கு எத்தனையோ நாட்டுல குழந்தைங்க சென்னையில செஞ்ச பாட்டைப் பாடுறாங்க. ஆனா தமிழ்க் குழந்தைக்குன்னு, தமிழ்லயே யோசிச்சு எடுத்த முழுநீள அனிமேஷன் மியூசிக்கல் ஒண்ணு மனசுல நிக்குற மாதிரி இன்னும் வரலை.

என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. எங்க ஏரியாவுல, கிரீன்வேஸ் சாலை ப்ரோடி கோட்டையில, தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி இருக்கு. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில அனிமேஷன் படிப்பு இருக்கு. ரெண்டு இடத்துக்கும் நடுவுல அடையாறு ஆறுதான். அங்க இருந்து நாலு பேர், இங்க இருந்து நாலு பேர், ஒரே மேசையில உட்காரட்டும். மூணு நிமிஷப் பாட்டு, கதையையும் அந்தப் பாட்டே சொல்லணும். மெட்டு முதல்ல முடியட்டும், வரையுறதுக்கு ஒரு வருஷம் கொடுங்க. இந்தக் காணொளியைப் பார்க்குற ஆசிரியர்கள் யாராவது இதை எடுத்து நடத்த முன்வந்தா, கீழ எழுதுங்க.