நீங்கள் ஓய்வெடுக்கும்போது உடம்பு என்ன செய்கிறது தெரியுமா?

இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் எலும்பு மஜ்ஜை ஒரு கோடிக்கும் மேல் புதுச் சிவப்பணுக்களைச் செய்து இரத்தத்தில் விட்டிருக்கும், தெரியுமா? நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம்! ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 120 நாள்தான். சிறுகுடலுக்கோ இன்னும் அவசரம்: அதன் உட்பரப்புச் செல்கள் 3 முதல் 5 நாளில் மாறிவிடுகின்றன. தைப் பொங்கலன்று மஞ்சள் தேய்த்துக் குளித்த மேல்தோல் மாசி முடிவதற்குள் உதிர்ந்தே போயிருக்கும்!

இத்தனை புதுப்பிப்புக்கும் உடம்பு நம்மிடம் கேட்கும் கூலி, ஓய்வு நேரம். அதிலும் முதலில் தூக்கம். திசுக்களைச் சீர்செய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோன், இரவின் முதல் ஆழ்ந்த தூக்கத்தில்தான் பெருமளவு சுரக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு 2013-இல் எலிகளிடம் கண்டதைக் கேளுங்கள். எலி தூங்கியதும் அதன் மூளைச் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிந்தது! அந்த வழியே திரவம் பாய்ந்து, அல்சைமர் நோயோடு தொடர்புள்ள அமிலாய்டு கழிவையும் வேகமாக அடித்துக்கொண்டு போனது. மனித மூளையில் இது எப்படி நடக்கிறது என்ற ஆராய்ச்சி இன்றும் சூடாக நடந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், இரவு 12 மணிக்குக் கைபேசியைக் கீழே வைக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுப்பது கைபேசி மட்டுமா? சாயங்காலம் 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் பலர் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும், தெரியுமா?

சரி, தூக்கம் இருக்கட்டும், விழித்தபடி எடுக்கும் ஓய்வு? மரத்தைப் பார்த்தாலே காயம் சீக்கிரம் ஆறுமா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் புரட்டினார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன; அவர்களைப் போலவே இருந்த இன்னும் 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலிநிவாரணி மருந்தும் குறைவாகவே வாங்கிக்கொண்டார்கள்! 1984-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆட்கள் குறைவுதான், ஆனாலும் அதற்குப் பின் மருத்துவமனை கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பார்க்கும் பார்வையே மாறியது. மொட்டைமாடிக்குப் போய் எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பத்து நிமிஷம் பார்ப்பதை இனி யாரும் சோம்பல் என்று சொல்ல வேண்டாம்.

இதில் என்னை மிகவும் நெகிழவைப்பது வேறு. இந்த ஓய்வு நேரம் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை! உழைப்புக்கு எட்டு மணி, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு என்ற முழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனோடு பிறந்தது. 1856-இல் மெல்போர்ன் கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலம் போய் அந்த எட்டு மணியை வென்றார்கள். வாரமெல்லாம் ஓடிய பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை 1890-இல்தான் கிடைத்தது. நாராயண் மேகாஜி லோகண்டே அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடினார். இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923-இல் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரையில்!

இன்னொன்று தெரியுமா? ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிறார்களே, அந்தப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமே திருத்தியிருக்கிறது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால், பில் போடும் முன் முதலாளியிடம் கேளுங்கள்.