காத்திவாக்கத்தில் மதுவும் வேலையிழப்பும்: செலவு யாரைச் சேர்கிறது?

எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில் ஊர்தித் தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளரும், துறைமுகச் சரக்குப் பணியிலும் சிறு பட்டறைகளிலும் நாட்கூலி பெறுவோரும் அருகருகே வாழ்கின்றனர். மதுவால் இழக்கப்படும் வேலைநாள் இவ்விரு சாரார்க்கும் ஒன்றாகக் கணக்கிடப்படுவதில்லை. முன்னவரின் பணிவராமை வருகைப் பதிவேட்டில் ஏறுகிறது; விடுப்பின்றிப் பத்து நாட்களுக்கு மேல் வராமை மத்திய மாதிரி நிலையாணைகளின்படி ஒழுங்கீனமுமாகும். நாட்கூலியாளர் வராவிடில் வேறொருவர் அழைக்கப்படுவார். கூலியிழப்பு வீட்டோடு நின்றுவிடும். பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வு இதனைக் காண இயலாது.

விபத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (1948) தற்காலிகத் திறனிழப்புக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கியது. அதன் வரம்புக்குள் வராதோர்க்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே துணையாக இருந்தது. கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுதும் இழத்தலை 14 விழுக்காடு ஈட்டுதிறன் இழப்பென அது வகுத்தது. ஆயினும் மதுமயக்கமே விபத்துக்கு நேரடிக் காரணமெனில் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. இறப்பும், 1995 திருத்தத்துக்குப்பின் நிரந்தர முழுத் திறனிழப்பும் இவ்விலக்கில் அடங்கா. உயிர் போனால் ஈடு உண்டு, விரல் போனால் இல்லை என்னும் இவ்விந்தை நிலையை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தக்கவைத்துள்ளது.

குடித்திருந்தார் என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. நேரடிக் காரணம் நிறுவப்படல் வேண்டும். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் 'மது வாடை' என்னும் குறிப்பு அத்தகைய சான்றன்று. எனினும் இழப்பீடு கோரவே தொழிலாளி தயங்குதற்கு அது போதுமானது.